ரசிகனின் காது: லிட்டில் ஃபீட் பற்றிச் சில குறிப்புகள்

ரசிகன் என்ற சொல் இந்தப் பக்கங்களில் எழுதுகிற நம்மிடையே ஏறக்குறைய ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனை மனதில் வைத்துக்கொண்டுதான் அதை உச்சரிக்கிறோம். விமர்சகனுக்குத் தேர்வு உண்டு, ரசிகனுக்கு விசுவாசம் மட்டுமே உண்டு என்பது நாம் செய்துகொண்ட ஏற்பாடு. நானும் இந்த ஏற்பாட்டை நம்பியவன்; அதை வைத்துக் கட்டுரைகளும் எழுதியவன். லிட்டில் ஃபீட் என்கிற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்கள் இதைக் கொஞ்சம் கலைத்துவிட்டார்கள். எவ்வளவு கலைத்தார்கள், எங்கே நான் இன்னும் இசைய மறுக்கிறேன் என்று சொல்லிப் பார்க்கவே இது.

குழுவைப் பற்றி முதலில். 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. ஃப்ராங்க் ஸாப்பாவின் 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழுவில் கிடார் வாசித்த லோவெல் ஜார்ஜ், பியானோவுக்கு பில் பெய்ன், டிரம்ஸுக்கு ரிச்சி ஹேவர்ட், ஸாப்பாவிடமிருந்தே வந்த ராய் எஸ்ட்ராடா பேஸ் கிடாருக்கு என்று நான்கு பேர். ஜார்ஜின் பாதங்கள் சிறியவை என்று ஸாப்பா குழுவின் டிரம்ஸ்காரர் செய்த கேலியிலிருந்து பெயர் வந்தது. பாதங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்தை மாற்றினால் அது சாதனை என்று பொருள்படும். முதல் இசைத்தட்டு 1971, இரண்டாவது 1972. இரண்டும் விற்கவில்லை. 1972இல் எஸ்ட்ராடா விலகிக்கொள்ள, பேஸ் கிடாருக்குக் கென்னி கிராட்னியும், இரண்டாவது கிடாருக்குப் பால் பரேரும், காங்கா முழவுகளுக்கு சாம் கிளேட்டனும் வந்து ஆறு பேரானார்கள். ரசிகர்களின் காதல் இந்த ஆறு பேர்மீது. 1973இல் வந்த 'டிக்ஸி சிக்கன்' தட்டிலிருந்து 1979இல் ஜார்ஜ் இறந்தது வரையான சில ஆண்டுகள்மீது.

உரிய மதிப்புக் கிடைக்காத குழு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஜார்ஜ் இருந்தவரை அவர்களுடைய ஒரு பாட்டுகூட அமெரிக்கத் தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் வரவில்லை. லிண்டா ரான்ஸ்டாட்டும் ராபர்ட் பாமரும் அவர்களுடைய பாட்டுகளை எடுத்துப் பாடினார்கள். ஆனால் 'மதிப்புக் கிடைக்காத' என்று படித்தவுடன் நம்மைப் போன்றவர்களுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில நூறு பிரதிகள் அச்சடிக்கிறவர்களுக்குப் புறக்கணிக்கப்பட்டவன் என்றாலே உறவுக்காரன். புறக்கணிப்பு ஒரு தகுதி அல்ல. விற்காத மோசமான குழுக்களும் எழுபதுகளில் ஏராளம். ஆகவே அதை விட்டுவிட்டு இசைக்கு வருகிறேன்.

ராக் இசையின் சாதாரண நடையில் நான்கு அடிகளில் இரண்டாவதும் நாலாவதும் டிரம்ஸில் பலமாக விழும். பேஸ் அதோடு ஒட்டிக்கொள்ளும். கிடார் இரண்டின்மேலும் ஏறிக்கொள்ளும். பட்டாளம் போகிற மாதிரி எல்லோரும் ஒரே காலில் போவார்கள். அதன் பலமும் அலுப்பும் அதுதான். லிட்டில் ஃபீட்டில் யாரும் ஒரே காலில் போவதில்லை. 'ஃபேட் மேன் இன் த பாத்டப்' என்ற பாட்டு தொடங்கும்போது முதல் அடி எங்கே விழுகிறது என்று காது தேடும். ஹேவர்ட் அடியைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார். கிராட்னி பேஸில் ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு அடுத்த இரண்டுக்கான இடத்தைச் சும்மா விடுகிறார். அந்த இடத்தில் காங்கா நுழைகிறது, அல்லது பியானோ எட்டிப் பார்க்கிறது, அல்லது யாருமே நுழைவதில்லை. யாருமே நுழையாத அந்த இடங்களுக்காகத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தடுமாறுகிற மாதிரி இருக்கிறது, விழுவதில்லை.

இந்த நடையின் ஊர் நியூ ஆர்லியன்ஸ். அங்கே சவ ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக்காரர்களும் இறந்தவனின் மனிதர்களும் முன்னால் போவார்கள். இசைக்காகவே பின்னால் சேர்ந்துகொண்டு, குடையையும் கைக்குட்டையையும் ஆட்டியபடி ஆடிவருகிற கூட்டத்துக்கு 'இரண்டாம் வரிசை' என்று பெயர். அந்தத் தாள நடைக்கும் அதுவே பெயராகிவிட்டது. பின்னால் வருகிறவர்களின் கால்கள் முன்னால் போகிறவர்களின் தாளத்துக்குப் பெயர் கொடுத்திருக்கின்றன. ரசிகனைப் பற்றி வேறுமாதிரி யோசிக்க முடியுமோ என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது இந்தச் சின்ன விவரத்திலிருந்துதான்.

இந்தத் தாளத்தின்மேல் ஜார்ஜின் ஸ்லைடு கிடார். விரலில் ஒரு குழாயை மாட்டித் தந்தியின்மேல் வழுக்கி வாசிப்பது. அதற்குப் பழைய ப்ளூஸ்காரர்கள் பாட்டிலின் கழுத்தை எடுத்துக்கொண்டார்கள். ஜார்ஜ் மாட்டிக்கொண்டது சியர்ஸ் கடையில் விற்ற, கார் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் சாக்கெட்டை. மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய் பிசுக்கோடு கிடக்குமே, அது. கனமான எஃகு. அதோடு, கிடார் ஒலி கம்ப்ரெஸர் என்ற கருவியின் வழியாகப் போகும். தந்தியை மீட்டுகிற கணத்தின் உரத்த ஒலியை அது அமுக்கும். தேய்ந்துகொண்டு போகிற வாலைத் தூக்கிவிடும். ஆகவே ஸ்வரம் அடங்கிப் பிறந்து, சாகவேண்டிய நேரத்தில் சாகாமல் நிற்கிறது. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த நீட்சி அந்நியமாக இராது. ஆனால் கோட்டுவாத்தியக்காரர் அந்த நீட்சியைக் கமகத்தால் நிரப்புவார். ஜார்ஜ் பல இடங்களில் நிரப்புவதில்லை. ஒரு ஸ்வரத்தை நிறுத்திவைத்துவிட்டு, கீழே ஐந்து பேர் அதை எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். கிடார்காரர்கள் விரலின் வேகத்தால் மதிக்கப்பட்ட காலம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டுடியோத் தட்டுகளில் இதெல்லாம் இல்லையா என்றால், இருக்கிறது, குறுகி இருக்கிறது. 'டிக்ஸி சிக்கன்' பாட்டு தட்டில் நாலு நிமிஷம். 1977 மேடையில் ஒன்பது நிமிஷம். கூடிய ஐந்து நிமிஷத்தில் என்ன நடக்கிறது? பாட்டின் கதை ஒரு தெருவிளக்கின் அடியில் தொடங்கி ஒரு மதுக்கடையில் முடிந்துவிட்டது. பெண்ணைப் பறிகொடுத்தவன், அவளைப் பறிகொடுத்த மற்றவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. அப்போது பெய்ன் பியானோவோடு புறப்படுகிறார், நியூ ஆர்லியன்ஸ் பியானோக்காரர்களின் கையை ஞாபகப்படுத்திக்கொண்டு. பித்தளை வாத்தியங்கள் ஊர்வலம் மாதிரி வந்து சேர்கின்றன. பிறகு இரண்டு கிடார்களும் ஒன்றின் வாக்கியத்தை மற்றது முடிக்கிற மாதிரி பேசிக்கொள்கின்றன. கதை முடிந்தபின் அந்த மதுக்கடையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதுதான் அந்த ஐந்து நிமிஷம். நாலு நிமிஷத் தட்டில் அது கேலிப்பாட்டு. மேடையில் துக்கம் வந்துவிடுகிறது, சிரிப்பு போகாமலே.

இதை ஊரறிந்தது 1975 ஜனவரியில். வார்னர் நிறுவனம் தன் குழுக்களை மொத்தமாக ஐரோப்பாவுக்கு அனுப்பிய சுற்றுப்பயணத்தில், லண்டன் ரெயின்போ அரங்கில் டூபி பிரதர்ஸ் தலைமைக் குழு. அவர்களுக்கு முன்னால் வாசித்த லிட்டில் ஃபீட்டுக்குத்தான் கூட்டம் எழுந்து நின்றது. ஆனால் ரசிகர்கள் கைமாற்றிக்கொண்ட புனித நூல் அதற்கு முந்தியது. 1974 செப்டம்பரில் லாங் ஐலண்டில் ஹெம்ஸ்டெட் என்ற ஊரில், ஒரு ஸ்டுடியோவில் சிறு கூட்டத்துக்கு முன்னால் வாசித்து வானொலியில் ஒலிபரப்பானது. யாரோ பிடித்துத் திருட்டுத்தட்டாகப் போட்டார்கள். 'எலக்ட்ரிஃப் லைக்கந்த்ரோப்' என்று பெயர். அது அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2021இல். நடுவில் நாற்பத்தேழு வருஷம் பிரதியின் பிரதியின் பிரதியாக, ஒவ்வொரு தலைமுறைக்கும் டேப்பின் இரைச்சல் கூடிக்கொண்டே, அது உயிரோடு இருந்தது.

எனக்கு இந்தக் குழுவை அறிமுகப்படுத்திய நண்பரிடம் இருந்தது அப்படிப்பட்ட ஒரு காஸெட்தான். அவர் கவிதை எழுதுகிறவர், அதிகம் பேசாதவர். லிட்டில் ஃபீட்டின் ஒரு பாட்டைப் பற்றி நான் ஏதாவது சொன்னால், "எந்த ராத்திரியைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். பாட்டு பாட்டுதானே என்பேன். அவருடைய கேள்விதான் சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு வருஷங்கள் ஆயின. பத்திரிகை விமர்சகன் ஓர் இரவைக் கேட்டுவிட்டுக் குழுவைப் பற்றி எழுதினான். ரசிகன் பல இரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கே டிரம்ஸ் தாமதிக்கிறது, அங்கே தாமதிக்கவில்லை, இங்கே ஒரு சொல் விழுங்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டிருந்தான். நம் மொழியில் இதற்குப் பெயர் பாடபேத ஆராய்ச்சி. உ.வே. சாமிநாதையர் ஏடுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு செய்தால் மதிக்கிறோம். அங்கே மூல பாடம் ஒன்று உண்டு, அதை நோக்கிப் போகிறோம் என்ற நம்பிக்கையாவது இருந்தது. இங்கே மூல பாடமே இல்லை. பேதங்கள் மட்டும்தான் உண்டு என்று தெரிந்தே இவர்கள் அதைச் செய்தார்கள். இது விசுவாசம் மட்டுமே என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

இனி 'வெயிட்டிங் ஃபார் கொலம்பஸ்'. 1978இல் வந்த இரட்டைத் தட்டு. 1977 ஆகஸ்டில் லண்டன் ரெயின்போவிலும் வாஷிங்டன் லிஸ்னர் அரங்கிலும் பதிவு செய்தது. டவர் ஆஃப் பவர் குழுவின் ஊதுவாத்தியக்காரர்கள் கூட வாசிக்கிறார்கள். 'மெர்ஸனரி டெரிட்டரி'யில் லென்னி பிக்கெட்டின் சாக்ஸஃபோன் எனக்குக் கொஞ்சம் அதிகம். திறமை தெரிகிற அளவுக்குத் தேவை தெரியவில்லை. அட்டையில் நியான் பார்க் வரைந்த, ஊஞ்சல் வலையில் சாய்ந்திருக்கும் தக்காளிப் பெண். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகத்துக்குப் போன பழம் என்பது தெரிந்தால் தலைப்போடு சேர்த்துச் சிரிக்கலாம். அவர்கள் தட்டுகளில் மிக அதிகமாக விற்றது இதுதான். மேடை இசைத்தட்டுகளில் இதற்கு இணையில்லை என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள்.

பிரச்னை இங்கே இருக்கிறது. இந்தத் தட்டைத் தயாரித்த ஜார்ஜ், தன் பாட்டில் சில பகுதிகளையும் ஸ்லைடில் சில பகுதிகளையும் பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து மறுபடி பதிவு செய்து மேடைப் பதிவின்மேல் ஏற்றினார். இது தெரியவந்தபோது எனக்கு உண்டான குஷியை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நண்பரிடம் ஓடினேன். உங்கள் அந்த ராத்திரி ராத்திரியே அல்ல, ஏதோ ஒரு ஸ்டுடியோவில் ஒரு மத்தியானம் என்றேன். மேடை என்றால் உண்மை, ஸ்டுடியோ என்றால் செயற்கை என்ற உங்கள் மதத்தின் வேதமே இடைச்செருகல் என்றேன். அவர் ஒன்றும் அதிரவில்லை. தெரியும் என்றார். எழுபதுகளின் மேடைத்தட்டுகளில் பலவும் அப்படித்தான் என்றார். அதே 1978இல் வந்த தின் லிஸ்ஸியின் 'லிவ் அண்ட் டேஞ்சரஸ்' தட்டில் எவ்வளவு மேடை, எவ்வளவு ஸ்டுடியோ என்று தயாரிப்பாளரும் குழுவும் பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

நான் வாதத்தில் ஜெயித்துவிட்டதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2022இல் அந்தத் தட்டு எட்டுக் குறுந்தகடுகளாக மறுபடி வந்தது. மான்செஸ்டர், லண்டன், வாஷிங்டன் என்று மூன்று ஊர்களின் மூன்று இரவுகள் அதில் முழுசாக இருக்கின்றன. என் வாதப்படி, அந்த மூன்று இரவுகளைக் கேட்டதும் 1978 தட்டு பொய்யாகிவிட வேண்டும். ஆகவில்லை. இன்னொன்றும் நடந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

1977இல் ஜார்ஜ் தன் குழுவிலிருந்தே ஒதுங்கிக்கொண்டிருந்தார். அந்த வருஷத் தட்டான 'டைம் லவ்ஸ் எ ஹீரோ'வில் அவர் தனியாக எழுதியது ஒரே பாட்டு. குழுவில் மற்றவர்கள் ஜாஸ் பக்கம் நகர்ந்தார்கள். 'டே அட் த டாக் ரேஸஸ்' என்ற நீண்ட வாத்திய இசையை வாசிக்கும்போது ஜார்ஜ் மேடையை விட்டே போய்விடுவார். முழு இரவுகளைக் கேட்கும்போது இந்த விலகல் காதுக்குத் தெரிகிறது. சொல்லைத் தாமதமாக ஆரம்பிப்பது எங்கே நடை, எங்கே அக்கறையின்மை என்று பிரிக்க முடியாத இடங்கள் வருகின்றன. ஹேவர்ட் அந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொள்கிறார். ஒரு ராத்திரி அதைப் பாட்டுக்கு அழகாக்கிவிடுகிறார். இன்னொரு ராத்திரி முடியவில்லை. யாருமே நுழையாத இடம் என்று மேலே சொன்னேனே, சில சமயம் அது நுழைய வேண்டியவன் வராததால் வந்த இடம். அந்த இசையின் பெரிய குணம் என்று நான் கொண்டாடிய ஒன்று, ஒரு சிநேகம் பிரிவதன் ஓசையாகவும் இருந்திருக்கிறது.

இதற்குப் பிறகு அந்தத் திருத்தங்களை யோசித்துப் பார்க்கிறேன். டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டை அமைப்பது ஜார்ஜுக்கு ஆரம்பத்திலிருந்தே பழக்கம். அவருக்கு அது எழுதும் தாள் மாதிரி. ஆகவே திருத்தியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மேடையில் பாதி மனதோடு நின்றவர், அந்த மேடையின் ஒலி காதில் ஓட, தனியாக உட்கார்ந்து, மற்ற ஐந்து பேரும் அன்று விட்டுவைத்த இடத்தில் இப்போது நுழைகிறார். அன்று வராத இடத்துக்குத் தாமதமாக வருகிறார். 1978 தட்டின் குரலில் உள்ள கவனம் அந்த மத்தியானங்களில் வந்தது. தன் குழுவுக்கு அவரே இரண்டாம் வரிசையில் வந்து சேர்ந்திருக்கிறார். என்னுடைய இந்த ஊகத்துக்கு ஆதாரம் கிடையாது, காதுதான். ஆனால் இதைச் செருகல் என்றும் பொய் என்றும் சொன்ன என் பழைய வாதம் மட்டமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கே நான் ரசிகர்களோடு இசைய மறுக்கிறேன் என்பதையும் சொல்லவேண்டும். 2010 அக்டோபர் 31 அன்று அட்லாண்டிக் சிட்டியில் ஃபிஷ் என்ற குழு 'வெயிட்டிங் ஃபார் கொலம்பஸ்' தட்டை முதலிலிருந்து கடைசி வரை மேடையில் வாசித்தது. ஹாலோவீன் இரவில் வேஷம் போடுவதுபோல் வேறொரு குழுவின் தட்டை மாட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஊதுவாத்தியக்காரர்களைக் கூட்டிவந்தார்கள், தாளத்துக்கு ஜியோவானி ஹிடால்கோவைக் கூட்டிவந்தார்கள். 2022இல், மீண்டும் கூடி வாசித்துவந்த லிட்டில் ஃபீட்டே அதே தட்டை முழுசாக வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. ரசிகர்கள் உருகினார்கள். ஃபிஷ் இரவைக் கேட்டேன், பிரமாதமாக வாசிக்கிறார்கள். ஆனால் ஏழு எட்டு இரவுகளில் பொறுக்கி, மேலே குரலேற்றி, இந்த வரிசையில் இந்தப் பாட்டு என்று ஜார்ஜ் அடுக்கிய ஒன்று, இப்போது தூக்கிவைத்துப் பூஜை செய்யும் ஏடாகிவிட்டது. எந்த ராத்திரி என்று கேட்டவர்கள், ஒரே ராத்திரி போதும் என்று ஆகிவிட்டார்கள். நமக்கும் இது புதிதல்ல. ஒரு வித்வான் ஒரு மாலையில் கண்டுபிடித்த சஞ்சாரத்தை ஸ்வரப்படுத்தி மனப்பாடம் செய்து நாற்பது வருஷம் பாடுகிற சீடர்களை நாம் பார்த்திருக்கிறோம். பேதங்களைக் காப்பாற்றிய காதலேதான் இப்போது அவற்றை அழிக்கவும் செய்கிறது. இதை நண்பரிடம் சொன்னேன். பதில் இல்லை. அவர் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு இப்போது தைரியம் இல்லை.

ஜார்ஜ் 1979இல் தன் பெயரில் தனியாக ஒரு தட்டு வெளியிட்டு, வேறொரு குழுவைச் சேர்த்துக்கொண்டு சுற்றுப்பயணம் போனார். ஜூன் 28 அன்று வாஷிங்டனில் அதே லிஸ்னர் அரங்கில் பாடினார். மறுநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டனில் ஹோட்டல் அறையில் மாரடைப்பில் இறந்தார். வயது 34. ஹேவர்ட் 2010இலும் பரேர் 2019இலும் இறந்தார்கள்.

'வில்லின்' என்ற பாட்டை முதல் இரண்டு தட்டுகளிலும் பதிவு செய்தார்கள். முதல் தடவை ஜார்ஜின் கையில் அடிபட்டிருந்ததால் ஸ்லைடு வாசித்தது ரை கூடர். களைத்துப்போன ஒரு லாரிக்காரனின் பாட்டு, ஆரவாரம் இல்லாதது. மூன்று இரவுகளிலும் வருகிறது. அதை மட்டும் வரிசையாகப் பல தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். நண்பர் வாஷிங்டன் இரவுதான் என்கிறார். எனக்கு மான்செஸ்டர். இதைப் பற்றி இதோடு மூன்று கடிதங்கள் எழுதியாகிவிட்டது.